பெரியம்மாவின் 14 இஞ்ச் டிவிக்கு ஒரு பெட்டி

ராஜபாளையம் பக்கம் எங்கள் ஊரில், பெரியம்மா வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குக் கீழே ஒரு 14 இஞ்ச் டிவி இருக்கிறது. 2006 செப்டம்பர் 15 அன்று தி.மு.க. அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தது. 2011ல் அந்தத் திட்டம் முடிவதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட டிவிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பல இப்போது பரணில் கிடக்கின்றன, பல காயலான் கடைக்குப் போய்விட்டன. பெரியம்மாவுடையது இன்னும் ஓடுகிறது. சுவிட்சைப் போட்டால் முதலில் சத்தம் வரும், நாலைந்து விநாடி கழித்துத் திரை மெல்ல வெளுக்கும். பிக்சர் டியூப் இன்றும் பளிச்சென்று இருக்கிறது.

போன வருஷம் ஊர்க் கேபிள்காரர் தொழிலை விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். புதிய இணைப்பு தர அந்தத் தெருவுக்கு யாரும் வரவில்லை. 24 இஞ்ச் எல்இடி டிவி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"டிவி நல்லாத்தானப்பா இருக்கு. படம்தான் வரல. அதுக்கு எதுக்குப் புதுசு?"

அவர் சொன்னது சரி. ஓடுகிற டிவியைத் தூக்கிப் போட எனக்கும் மனசில்லை. அந்தப் பழைய டியூபின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அதை உடைத்துத் தாமிரம் எடுப்பவர்கள் மிச்சத்தை எங்கே கொட்டுகிறார்கள் என்பது ஊர் ஓடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிவி இருக்கட்டும், படத்தை வரவைப்போம் என்று சென்னை ரிச்சி தெருவில் மூன்று பெட்டிகள் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பன்னிரண்டு நாள் அங்கே தங்கி மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். இதில் என் அபிப்பிராயம் பாதிதான். மீதி அந்த டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுடையது.

பழைய டிவிக்குப் பெட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த டிவிக்குள் இருக்கும் டியூனர் அனலாக் சிக்னலை மட்டும் பிடிக்கும். ஒரு காலத்தில் எங்கள் ஊரில் மொட்டைமாடிக்கு மாடி மீன்முள் ஆண்டெனா நின்றது. கொடைக்கானல் டவர் பக்கம் திருப்பினால் தூர்தர்ஷன் வரும், காற்று வாகாக இருந்தால் இலங்கை ரூபவாகினியும் எட்டிப் பார்க்கும். மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருக, கீழேயிருந்து இன்னொருவர் "வந்துருச்சு, வந்துருச்சு, விட்றாத" என்று கத்துவார். அந்த வானம் இப்போது காலி. 2022க்குள் தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளைப் பெரும்பாலும் மூடிவிட்டது. கேபிளும் டிஜிட்டலுக்கு மாறி வருஷங்கள் ஆகின்றன. டிவியின் ஆண்டெனா ஓட்டையில் எதைச் செருகினாலும் இனி பொரிதான் தெரியும். மிச்சமிருக்கும் ஒரே வாசல் பின்பக்கத்து ஏவி பின். பெரியம்மா டிவியில் ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை. சிவப்பு கிடையாது. அந்த மஞ்சள் ஓட்டைக்குள் நல்ல படத்தை அனுப்பத் தெரிந்த பெட்டி எது என்பதுதான் கேள்வி. பெட்டி எத்தனை வித்தை காட்டினாலும் எச்டி, 4கே எல்லாம் அந்த வாசலில் நின்றுவிடும்.

எந்த வழியாகப் படம் எடுப்பது என்பதை அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டும். கேபிள் உள்ள தெருவில் இருப்பவர்களுக்கு யோசனையே வேண்டாம், கேபிள்காரர் தரும் பெட்டியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும் இருக்கும். அரசு கேபிள் 2017 செப்டம்பரில் இலவசப் பெட்டி கொடுக்கத் தொடங்கியபோது, அதன் மறுமுனையில் எத்தனையோ வீடுகளில் இருந்தவை இந்த 14 இஞ்ச் டிவிகள்தான். மாதச் செலவு மட்டும் தொடரும். 2019 பிப்ரவரியில் வந்த கட்டண முறையில் அடிப்படைக்கே 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு என்று இருந்தது. கட்டணச் சேனல்கள் அதற்குமேல். தனியார் டிடிஎச்சும் இதே கணக்குத்தான். பெட்டி அவர்களுடைய சிக்னலுக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கும், ரீசார்ஜை நிறுத்தினால் அதை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது.

இன்னொன்று டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர் 16 அன்று டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கிய தூர்தர்ஷனின் சேவை. பெட்டியும் டிஷ்ஷும் வாங்குகிற செலவோடு முடிந்தது, மாதக் கட்டணம் கிடையாது. பெரியம்மாவுக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தி பேசும் வீடுகளுக்கு இதில் கிடைக்கிற விருந்து நமக்கு இல்லை. சன், விஜய் போன்ற கட்டணச் சேனல்களின் சீரியல் இல்லாமல் சாயங்காலம் போகாது என்கிற வீட்டுக்கு ஃப்ரீ டிஷ்ஷை நான் சொல்ல மாட்டேன், அவர்கள் கேபிளிலோ தனியார் டிடிஎச்சிலோ இருப்பதே நல்லது. பெரியம்மா கேட்பது செய்தி, பழைய படம், கோயில் நேரலை. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை விட்டு டிடி தமிழ் ஆன சேனல் அவருக்குப் பாதிப் பொழுதுக்குப் போதும். தெருப் பிள்ளைகளுக்கு இதில் வேறொரு லாபம். 2007ல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி முக்கியமான கிரிக்கெட் ஆட்டங்களின் சிக்னலைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழிக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொல்லிவிட்டது. ஆகவே டிடி ஸ்போர்ட்ஸில் இந்தியா ஆடும் நாளில் பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பு குவிகிறது.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த இரு நாடுகளும் 2019ல் அனலாக்கை முற்றாக விட்டபோது, பழைய டிவிகளுக்கென்று டிஜிட்டல் பெட்டிகள் அங்கே ஏராளமாக விற்றன. அவற்றைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அவை தரைவழி டிவிபி-டி2 பெட்டிகள், டிஷ்ஷுக்கு ஒத்துவராது. பின்பக்கம் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். டிஷ் பெட்டியின் ஓட்டை வெளிப்பக்கம் மரை போட்டது, திருகி மாட்டுவது. தரைவழிப் பெட்டியில் பழைய ஆண்டெனா பின் போல வழவழப்பாக, அழுத்திச் செருகுவது. ஆன்லைனில் வாங்குபவர்கள் படத்தைப் பெரிதாக்கி இந்த ஓட்டையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி நான் வாங்கிய மூன்று பெட்டிகள். முதலாவது கையடக்கமான பிளாஸ்டிக் பெட்டி, மூன்றிலும் விலை குறைவு. இரண்டாவது தகர உடம்பு, முகப்பில் எண் ஒளிரும் சின்னத் திரை, பின்னால் மூன்று ஏவி ஓட்டைகள். மூன்றாவது வைஃபை, யூடியூப் எல்லாம் உள்ளது என்று அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, விலை முதல் பெட்டியைப் போல இரண்டரை மடங்கு. மூன்றும் எம்பெக்-4 பெட்டிகள். இதில் மட்டும் சமரசம் கூடாது. ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் இன்னும் பழைய எம்பெக்-2 முறையில் வருகின்றன, சில எம்பெக்-4ல் வருகின்றன. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் காட்டும். பழைய எம்பெக்-2 பெட்டியை யாராவது சும்மா கொடுத்தாலும் பாதிச் சேனல்களில் சத்தமும் வராது, படமும் வராது. அட்டையில் எச்.264, டிவிபி-எஸ்2 என்ற இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் பதிவு முத்திரை இல்லாத பெட்டியையும் அடாப்டரையும் ராத்திரி முழுக்கப் பிளக்கில் விட்டுவைக்கப் பயமாக இருக்கும், வாங்காதீர்கள்.

டிஷ் கட்ட ஊரில் ஒரு தம்பி இருக்கிறார். ஃப்ரீ டிஷ்ஷின் செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேலே நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் நேர் கிழக்கிலிருந்து சுமார் 30 டிகிரி தெற்கே தள்ளி, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், ஏறக்குறைய 68 டிகிரியில். மேற்கே மலை சுவராக நிற்கும் ஊர் என்பதால் எனக்கு முதலில் கவலை இருந்தது. கோளோ மலைக்கு எதிர்ப்பக்கம். இவ்வளவு செங்குத்தாக இருப்பதால் தென்னைக்கும் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. டிஷ்ஷைவிட 10 அடி உயர்ந்து நிற்கிற ஒன்று 4 அடி தூரத்துக்குள் இருந்தால்தான் மறைக்கும். டிஷ்ஷின் முகம் அந்த அளவுக்கு அண்ணாந்திருக்காது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வீட்டு டிஷ்களில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி ஓரமாக அமைவதால் தட்டு இருபது, இருபத்தைந்து டிகிரி குனிந்தே நிற்கும்.

சிக்னல் பார்க்கும்போது திரையில் இரண்டு பட்டைகள் வரும். ஒன்று வலு, ஒன்று தரம். வலுப் பட்டை நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். எல்என்பிக்கு மின்சாரம் கிடைத்தாலே அது ஏறிவிடும். டிஷ் வேறு கோளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறி நிற்கும். தரப் பட்டைதான் உண்மை சொல்லும். தம்பி ஒரு நட்டைப் பாதிச் சுற்று முறுக்க, தரம் சட்டென்று எழுந்தது. இந்த இடத்தில் மூன்று பெட்டிக்கும் முதல் வித்தியாசம் தெரிந்தது. முதல் பெட்டியின் பட்டை இரண்டு மூன்று விநாடி தாமதமாக அசைகிறது. தம்பி முறுக்கி, சரியான இடத்தைத் தாண்டிப் போன பிறகு அது ஏறுகிறது. இரண்டாவது பெட்டி கையோடு கையாக அசைந்தது, தரம் கிடைத்ததும் 'பீப்' என்று சத்தமும் போட்டது. மாடியிலிருந்தே அது காதில் விழுந்தது. கீழே ஆள் நிறுத்திக் கத்தச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது பெட்டியைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். யூடியூப் வரும் என்றால் வரத்தான் செய்கிறது, என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடியது. நான் சென்னைக்குக் கிளம்பிவிட்டால் ஹாட்ஸ்பாட்டும் கிளம்பிவிடும். அதன் மெனு முழுவதும் பெரிய எச்டி திரையை நினைத்துச் செய்தது. 14 இஞ்ச் திரையில் எழுத்துகள் எறும்பு வரிசை. அதைவிட முக்கியமான குறை, அதில் மஞ்சள் ஓட்டையே கிடையாது. இயர்போன் ஓட்டை போல ஒரே ஒரு சின்னத் துளை, அதற்கென்று ஒரு ஒயர் தனியாக. சின்னத் துளை ஒயர்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னின் நாலு வளையங்களில் எதில் படம், எதில் சத்தம், எதில் கிரவுண்ட் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருக்கிறார்கள். வேறு பெட்டியின் ஒயரைப் போட்டால் திரை கருப்பாகவும் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்ற இரைச்சலாகவும் வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் ஓட்டையில் சிவப்புப் பின்னையோ வெள்ளைப் பின்னையோ மாற்றிக் குத்திப் பாருங்கள், பல சமயம் படம் வந்துவிடும். வராவிட்டால் கிரவுண்ட் வளையமே மாறியிருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பெட்டிக்கான ஒயரைத் தேடத்தான் வேண்டும். கிராமத்தில் ஒரு ஒயர் அறுந்தால் எந்தக் கடையிலும் கிடைக்க வேண்டும். மூன்று வண்ண ஏவி ஒயர் பெட்டிக்கடை அளவுள்ள எலக்ட்ரிக் கடையிலும் தொங்குகிறது. அதனால் பழைய டிவிக்கு வாங்குபவர்கள் மூன்று வண்ண ஓட்டையும் தனித்தனியாக உள்ள பெட்டியையே வாங்குங்கள்.

எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டியை ஏவியாக மாற்றித் தரும் சின்னக் கருப்புப் பெட்டிகளும் விற்கின்றன. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகைகள் அதில் உண்டு. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவது நமக்கு வேண்டாத திசை. எச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவதைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத் தனி மின்சாரமும் வேண்டும், ஓரத்தில் இருக்கும் சின்ன சுவிட்சையும் பார்க்க வேண்டும். நம் டிவிகள் பிஏஎல் முறை. சுவிட்ச் என்டிஎஸ்சி பக்கம் இருந்தால் படம் கருப்பு வெள்ளையாக வரும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும்.

டிவியை ஏவிக்கு மாற்றுவதே முதல் நாள் பெரும்பாடாகிவிட்டது. டிவியின் ரிமோட் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. டிவியின் முகப்பில் சேனலை இறக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே போனேன், பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியதும் ஏவி என்று திரையில் வந்தது. பழைய டிவிகள் பலவற்றில் இந்த வழி இருக்கிறது. சத்தத்துக்கு ஒரு திருத்தம் தேவைப்பட்டது. இந்த டிவி மோனோ, வெள்ளை ஓட்டை மட்டும். பெட்டியோ இடது, வலது என்று சத்தத்தைப் பிரித்து அனுப்புகிறது. வெள்ளையை மட்டும் மாட்டினால் வலதுபக்கத்துச் சத்தம் காற்றோடு போய்விடும். முதல் நாள் ராத்திரி ஒரு பழைய படப் பாட்டில் குரல் தெளிவாக இருக்க, வயலின் கூட்டம் எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிப்பது போலக் கேட்டது. பெட்டியின் மெனுவில் ஆடியோவை மோனோ என்று மாற்றியதும் வயலின்கள் வீட்டுக்குள் வந்தன. இரண்டாவது பெட்டியில் இந்த வசதி ரிமோட்டிலேயே ஒரு பட்டனாக இருக்கிறது. முதல் பெட்டியில் தேடித் தேடிப் பார்த்தும் அப்படி ஒன்று இல்லை.

படம் எப்படி? மஞ்சள் ஒயரில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகப் போவதால் சிவப்பு எப்போதும் கொஞ்சம் கசியும். அரக்குப் புடவையின் ஓரம் மங்கி, பக்கத்து நிறத்தில் ஒழுகியதுபோல் தெரியும். மூன்று பெட்டியிலும் இது உண்டு. பிரகாசத்தில்தான் வேறுபட்டன. முதல் பெட்டி வெள்ளையை அளவுக்கு மீறி அனுப்புகிறது. செய்தி வாசிப்பவரின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுக்கிறது. டிவியில் வெளிச்சத்தைக் குறைத்தால் இருட்டுக் காட்சிகள் கரியாகிவிடுகின்றன. மெல்லிய கிடைக்கோடுகள் அதில் நடுங்கவும் செய்கின்றன. பழைய டியூப் டிவி ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி வரைகிறது. எச்டியில் வரும் படத்தை அதற்கேற்ப மெழுகி இறக்காத பெட்டியில் இந்த நடுக்கம் தெரியும். இரண்டாவது பெட்டியில் படம் அமைதியாக நின்றது. நான் எச்டி டிவியில் பார்த்துப் பழகியவன். அந்தச் சின்ன டியூபில் படத்தின் ஆழத்தையும் கருப்பின் அடர்த்தியையும் பார்த்தபோது, இதை எவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோம் என்று மனசு கொஞ்சம் கனத்தது.

இப்போதைய ஒளிபரப்பு எல்லாம் அகலப் படம், 16க்கு 9. பெரியம்மா டிவி 4க்கு 3. இதைப் பொருத்த பெட்டியில் மூன்று வழிகள். முழுத்திரையாக இழுத்துவிட்டால் மேலும் கீழும் நிறையும், ஆனால் எல்லோரும் ஒல்லியாக வளர்ந்துவிடுவார்கள். பக்கங்களை வெட்டினால் முகம் சரியாக இருக்கும், கீழே ஓடும் செய்தி வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் போய்விடும். டியூப் டிவி தன் பங்குக்கு ஓரத்தில் இன்னும் கொஞ்சம் விழுங்கும். மூன்றாவது வழி மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டுவது. அப்போது 576 கோடுகளில் 432 கோடுதான் படத்துக்கு, உயரத்தில் கால்வாசி போய்விடும். 14 இஞ்ச் டிவியில் அது பெரிய இழப்பு, ஆகவே பெரியம்மாவுக்கு முழுத்திரைதான் சரி என்று நினைத்து வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு கோயில் கும்பாபிஷேக நேரலை. பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கோபுரம் ஏன்பா இப்படி இழுத்துக் கெடக்கு? கலசம் எல்லாம் ஊசி மாதிரி இருக்கு."

கருப்புப் பட்டை முறைக்கு மாற்றினேன். "இப்பத்தான் கோபுரம் கோபுரமா இருக்கு. படம் சின்னதா இருந்தா என்ன, நான் கிட்ட உக்காந்துக்கிறேன்." அதற்குப் பிறகு அதை மாற்றவே விடவில்லை. முதல் பெட்டியில் இந்த அமைப்பை மாற்றினால் மின்சாரம் போய் வந்தவுடன் மறுபடி பழையபடி இழுத்துக்கொள்கிறது.

மின்சாரம் போய் வருவது என்றதும் நான் மிக முக்கியமாக நினைக்கும் சோதனைக்கு வந்துவிட்டோம். எந்தக் கடையிலும் இதைச் சொல்வதில்லை, எந்த அட்டையிலும் எழுதியிருப்பதில்லை. எங்கள் ஊரில் கரண்ட் நாளில் இரண்டு மூன்று தடவையாவது போய் வரும். வந்ததும் பெட்டி என்ன செய்கிறது? மூன்றாவது பெட்டி தூங்கிவிடுகிறது, ரிமோட்டில் எழுப்பினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் கம்பெனிப் பெயர் சுற்றுகிறது, பிறகு முகப்பு மெனுவில் நிற்கிறது. அங்கிருந்து டிவிக்குப் போக நாலு பட்டன். முதல் பெட்டி தானாக எழுந்துகொள்கிறது, ஆனால் பட்டியலின் முதல் சேனலுக்குப் போய்விடுகிறது. இரண்டாவது பெட்டி அரை நிமிஷத்தில் எழுந்து, கரண்ட் போகும்போது எந்தச் சேனலில் இருந்ததோ அதே சேனலில், அதே சத்தத்தில் வந்து நிற்கிறது. தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு இந்த ஒரு குணம் போதும், மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். நீங்கள் வாங்கும்போது கடையில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

ரிமோட் அடுத்தது. பெரியம்மாவுக்கு வேண்டியது மேலே, கீழே, சத்தம், ஆன். நாற்பது பட்டன் உள்ள ரிமோட்டில் தவறான ஒன்றை அழுத்தினால் திரையில் ஏதாவது வந்து மூடிக்கொள்ளும், அவர் பயந்துபோய் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். இரண்டாவது பெட்டியின் ரிமோட்டில் பட்டன்கள் அகலம், ரப்பர் உயர்ந்து விரலுக்குத் தட்டுப்படும். வேண்டாத பட்டன்களின் மேல் துணி பிளாஸ்டர் ஒட்டி மறைத்துவிட்டேன். டிடி தமிழை 1, டிடி நியூஸை 2 என்று நகர்த்தி வைத்தேன். சேனலை இப்படி இடம் மாற்ற மூன்று பெட்டியுமே அனுமதிக்கின்றன, முதல் பெட்டியில் மட்டும் ஒவ்வொரு சேனலாக ஐம்பது தடவை அழுத்தி மேலே ஏற்ற வேண்டும்.

யூஎஸ்பி ஓட்டையை நான் பெரிதாக நினைக்கவில்லை. கடைசியில் பெரியம்மா அதிகம் கேட்டது அதைத்தான். பேத்தியின் கல்யாண வீடியோ பென்டிரைவில் வந்து, பார்க்க வழியில்லாமல் பீரோவில் கிடந்தது. இரண்டாவது பெட்டியில் செருகினேன், படிக்கவில்லை. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் எஃப்ஏடி32 முறையில் பதிந்த பென்டிரைவையே படிக்கும். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. வீடியோக்காரர் கொடுத்ததோ 6 ஜிபிக்கு ஒரே கோப்பு. என் லேப்டாப்பில் அதை மூன்று துண்டாக்கி, சாதாரணத் தரத்துக்குக் குறைத்து ஏற்றிக் கொடுத்தேன். அன்று மத்தியானம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்து, முகூர்த்தத்திலிருந்து பந்தி வரை விடாமல் பார்த்தார்கள். மொய் எழுதுகிற இடத்தில் பெரியப்பா ஒரு நிமிஷம் வந்து போகிறார். அவர் இறந்து ஒன்பது மாசம். பெரியம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். ரிமோட்டில் பின்னால் ஓட்டும் பட்டனின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டரை எடுத்துவிட்டேன்.

மழையில் சிக்னல் போகும், இது எந்த டிஷ்ஷுக்கும் உள்ளதுதான். ஒரு சாயங்காலம் இருபது நிமிஷம் கனமழையில் திரை கட்டம் கட்டமாக உடைந்து நின்றது, மழை தணிந்ததும் தானாகத் திரும்பியது. இடி மின்னல் என்றால் பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரில் மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி, பெட்டிக்கு வருமுன் ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுக் கட்டுவது நல்லது. கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. அணைக்காமல் இரவு பகலாக விட்டாலும், முழு வேகத்தில் இழுத்தாலும், இரண்டு மாசத்துக்கு 17 யூனிட்தான். வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே பெரியம்மா வீட்டில் இரண்டாவது பெட்டி நின்றுவிட்டது. முதல் பெட்டியை டிஷ் கட்டிய தம்பியிடம் கொடுத்தேன். மூன்றாவதை நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன், எல்இடி டிவியும் நெட்டும் உள்ள வீட்டுக்கு அது நல்ல பெட்டி. கிளம்புமுன் மிச்சமிருந்தது ஒரே வேலை. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்களை ஏலம் விடுகிறார்கள், ஏப்ரல் முதல் தேதியோடு பட்டியல் மாறும். அப்போது பெட்டியில் மறுபடி ஸ்கேன் போட வேண்டும், போட்டால் 1, 2 என்று நான் வைத்த வரிசையும் கலையலாம். எதிர்வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் இருக்கிறான். அவனை உட்காரவைத்து இரண்டு தடவை செய்துகாட்டினேன், மூன்றாவது தடவை அவனே செய்தான். சேனலை நகர்த்தும் வழியை நோட்டில் எழுதிக்கொண்டான். பெரியம்மா அடுத்த வருஷத்துக் காலண்டர் வந்ததும் ஏப்ரல் 1ல் வட்டம் போட்டு வைக்கிறேன் என்றார்.

"வட்டத்துக்குள்ள என்ன எழுதணும்?"

"ஸ்கேன்னு எழுதுங்க பெரியம்மா."

"அப்படி எழுதினா ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு நெனச்சிருவேன்," என்றார். "டிவின்னு எழுதிக்கிறேன்."

பையன் தன் நோட்டிலும் அப்படியே மாற்றி எழுதிக்கொண்டான்.